இ விசைக்கு ஐந்து, ஸ்கிரிப்டுக்கு மூன்றரை

அவசரத்தில் இருப்பவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிமெயிலின் விசைப்பலகை ஷார்ட்கட்டுகளுக்கு ஐந்துக்கு ஐந்து. கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் எழுதும் வசதியில் நாமே எழுதி ஓடவிடும் தானியங்கி ஆர்க்கைவுக்கு, அதாவது அஞ்சலை அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து எடுத்துவைப்பதற்கு, ஐந்துக்கு மூன்றரை. இரண்டுக்கும் காசு கிடையாது. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. மனிதர்கள் எழுதிய அஞ்சலை என் விரல்தான் எடுக்க வேண்டும். இயந்திரம் எழுதிய அஞ்சலை இயந்திரமே எடுக்கட்டும். இந்தக் கோட்டைத் தாண்டி ஸ்கிரிப்டிடம் வேலை வாங்கப் பார்ப்பவர்கள், எங்கள் தொழிலில், என்றாவது ஒருநாள் அபராதம் கட்டுவார்கள்.

எங்கள் தொழில் வரிக் கணக்கு. கரூரில் ஜவஹர் பஜாரை ஒட்டிய சந்தில் மூன்று மேசை போட்ட அலுவலகம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்கள்: மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை. மற்றவர்கள் பஸ் பாடி கட்டுபவர்கள், கொசுவலை நெய்பவர்கள், நூல் கடைக்காரர்கள். இவர்களில் பலருடைய ஜிஎஸ்டி பதிவில் என் மின்னஞ்சல் முகவரிதான் இருக்கிறது. அப்படி வைக்காதீர்கள் என்று சொன்னால், "நான் எங்கே அம்மிணி அதையெல்லாம் பார்க்கப் போகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அதனால் 11-ஆம் தேதி விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி என்று மாதம் இரண்டு முறை என் இன்பாக்ஸில் வெள்ளம் வரும். ஒவ்வொரு கணக்குக்கும் ஓடிபி ஒன்று, தாக்கல் ஆனதற்கான ஒப்புகை ஒன்று, பணம் கட்டியதற்கு வங்கியின் அறிவிப்பு ஒன்று. இடையில் கூரியர் பார்சல் கிளம்பியது, பார்சல் வந்துகொண்டிருக்கிறது, பார்சல் வந்துவிட்டது என்று மூன்று. வரிச் சட்டத் திருத்தம் பற்றிய வெபினாருக்கு வாருங்கள் என்று எத்தனை வரும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

இந்தக் குப்பைக்கு நடுவில்தான் நோட்டீஸும் வருகிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆவது பிரிவைப் பார்த்தால், பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதும் நோட்டீஸைச் சட்டப்படி சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்று. தளத்தில் போட்டுவைப்பதும் அப்படியே. ரீஃபண்டை மறுப்பதற்கு ஆர்எஃப்டி-08 என்ற படிவம் வந்தால் பதில் சொல்ல 15 நாள். கணக்கைச் சரிபார்த்து ஏஎஸ்எம்டி-10 வந்தால் அதிகபட்சம் 30 நாள். ஜிஎஸ்டிஆர்-1க்கும் 3பிக்கும் இடையே வித்தியாசம் என்று டிஆர்சி-01பி வந்தால் ஏழே நாள். "பார்க்கவில்லை ஐயா" என்று அதிகாரி முன்னால் போய் நிற்க முடியாது. இன்பாக்ஸ் காலியாக இருந்தால் மனம் அமைதி அடைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அமைதி தேவையில்லை, நோட்டீஸ் கண்ணில் பட்டால் போதும். அதற்காகத்தான் மற்றவை கண்ணைவிட்டு அகல வேண்டும்.

அழித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்த என் அண்ணன் மகனும் அதைத்தான் கேட்டான். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். "அத்தை, நேராக டெலீட் போட்டுவிடலாமே, எதற்கு ஆர்க்கைவ்?" என்றான். அவனுக்கு 36-ஆவது பிரிவை விளக்க வேண்டியதாயிற்று. கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும், அந்த நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24க்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு 2024 டிசம்பர் 31. ஆக அந்த ஆண்டின் ஆவணங்கள் 2030 டிசம்பர் முடியும் வரை கைக்கு எட்ட வேண்டும். எங்கள் ஊரில் பாதி இன்வாய்ஸ் நகல்களும் கிரெடிட் நோட்டுகளும் மின்னஞ்சலில் மட்டும்தான் வாழ்கின்றன. "சரி அத்தை, டெலீட் என்ற வார்த்தையையே எடுத்துவிடுகிறேன்" என்றான். உண்மையாகவே எடுத்துவிட்டான். ஸ்கிரிப்டில் எந்த இடத்திலும் அழிக்கும் கட்டளை இல்லை. இப்படி ஒன்றை அமைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஜிமெயிலில் ஆர்க்கைவ் என்பது அஞ்சலை எங்கேயும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு அஞ்சலின் மேலும் ஒட்டியிருக்கும் லேபிள்களில் இன்பாக்ஸ் என்பதும் ஒன்று. அந்த ஒன்றைப் பிய்த்தெடுப்பதுதான் ஆர்க்கைவ். அஞ்சல் 'ஆல் மெயில்' பகுதியில் அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும். அதே உரையாடலில் யாராவது பதில் எழுதினால் முழுச் சரமும் தானாக இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். இந்த ஒரு குணம்தான் எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை கொடுத்தது. வாடிக்கையாளரின் அஞ்சலை வேலை முடிந்ததும் தயங்காமல் எடுத்துவிடலாம். அவர் மறுபடி வாய் திறந்தால் அஞ்சலும் மறுபடி எதிரே வந்து உட்காரும்.

இனி ஷார்ட்கட். ஜிமெயிலில் இது முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் போய், எல்லா அமைப்புகளையும் காட்டச் சொல்லி, பொதுப் பகுதியில் விசைப்பலகை ஷார்ட்கட்டுகளை ஆன் செய்து, கீழே இறங்கிச் சேமிக்க வேண்டும். சேமிக்கும் பொத்தான் பக்கத்தின் அடியில் ஒளிந்திருப்பதால் பலர் ஆன் செய்துவிட்டுச் சேமிக்காமலேயே வெளியே வந்து, "வேலை செய்யவில்லை மேடம்" என்கிறார்கள். ஆன் ஆனபின் ஆங்கில இ (E) விசையைத் தட்டினால் திறந்திருக்கும் அஞ்சல் ஆர்க்கைவ் ஆகிவிடும். ஜே தட்டினால் கீழே இருக்கும் பழைய அஞ்சல், கே தட்டினால் மேலே இருக்கும் புதிய அஞ்சல். பட்டியலில் நின்றபடி எக்ஸ் தட்டினால் அந்த வரி தேர்வாகும். நான்கைந்தை எக்ஸ் போட்டுக்கொண்டு போய்க் கடைசியில் ஒரே ஒரு இ. கை தவறி எதையாவது எடுத்துவிட்டதாகத் தோன்றினால் இசட், வந்தவழியே திரும்பிவிடும். கேள்விக்குறி விசையைத் தட்டினால் எல்லா ஷார்ட்கட்டுகளும் திரையில் விரியும். அதில் முக்கால்வாசி எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தவை சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும். இடப்பக்கக் குறி ஒரு திசையிலும் வலப்பக்கக் குறி எதிர்த் திசையிலும், அஞ்சலை ஆர்க்கைவ் செய்துவிட்டு அடுத்ததைத் திறந்துகொண்டே போகும். பட்டியலுக்குத் திரும்பி வரும் வேலை கிடையாது. காலையில் டீ ஆறுவதற்குள் நேற்று மாலைக்குப் பிறகு வந்தவற்றைப் படித்து முடிக்க முடிவது இதனால்தான். இ விசையே போதும் என்பவர்கள் மேம்பட்ட அமைப்புகளில் ஆட்டோ அட்வான்ஸ் என்பதை ஆன் செய்துகொள்ளலாம், பலன் கிட்டத்தட்ட அதேதான். அங்கேயே ஷார்ட்கட்டுகளை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. என் உதவியாளருக்கு அழிக்கும் விசை கை தவறிப் பட்டுவிடுமோ என்று பயம் இருந்ததால், அவளுடைய கணினியில் அதை எடுத்துவிட்டோம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். அதிகாரிகளுக்கான விளக்கக் கடிதங்களை ஆங்கிலத்திலும் வாடிக்கையாளர்களுக்கான கடிதங்களைத் தமிழிலும் எழுதுகிறேன். கணினி தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பில் இருக்கும்போது ஆங்கில இ விசை இருக்கும் இடத்தில் ஊ உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் தட்டினால் ஆர்க்கைவ் நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டி ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு பிறகு அஞ்சல் பக்கம் போக வேண்டும். ஒரு மாதிரி எரிச்சல்தான். ஆனால் அதற்காக மதிப்பெண் குறைக்க மனம் வரவில்லை. ஏனென்றால் விசை வேலை செய்யாவிட்டால் அஞ்சல் அதே இடத்தில் இருக்கிறது. கெடுதல் எதுவும் நடப்பதில்லை.

கெடுதல் நடக்கக்கூடிய இடம் கைப்பேசி. ஜிமெயில் செயலியில் அஞ்சலைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆர்க்கைவ் ஆகும்படிதான் முதலில் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அஞ்சல் பார்ப்பவர்களுக்கு இது சரிவராது. படிக்காமலேயே ஒன்று மறைந்துவிட்டால், எது மறைந்தது என்றே தெரியாது. செயலியின் அமைப்பில் தள்ளும் செயல்களை மாற்ற இடம் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு பக்கம் 'ஸ்னூஸ்' (பிறகு நினைவூட்டு) என்றும் மறுபக்கம் எதுவும் இல்லை என்றும் மாற்றிவைத்திருக்கிறேன்.

பதில் அனுப்பும்போதே ஆர்க்கைவ் செய்துவிடும் 'அனுப்பி ஆர்க்கைவ் செய்' பொத்தானையும் பொது அமைப்புகளில் வரவழைக்கலாம். சிலர் அதைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. நான் பதில் அனுப்பியது வேலை முடிந்ததற்கு அடையாளம் இல்லை. "ஷிப்பிங் பில் நகல் அனுப்புங்கள்" என்று, ஏற்றுமதிக்கான சுங்க ஆவணத்தைக் கேட்டு நான் எழுதிய பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்கு நாள் சத்தமே இருக்காது. அதுவரை அது இன்பாக்ஸில் நின்று என்னை உறுத்த வேண்டும். எது முடிந்தது, எது முடியவில்லை என்பது அஞ்சலில் எழுதப்பட்டிருக்காது. அதனால்தான் மனிதர்களின் அஞ்சலுக்கு விசை மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஸ்கிரிப்டுக்கு வருவோம். ஜிமெயிலிலேயே ஃபில்டர் இருக்கிறதே, ஸ்கிரிப்ட் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஃபில்டர் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர். அஞ்சல் உள்ளே நுழையும் நொடியில் மட்டுமே அதற்கு அதிகாரம். "இன்பாக்ஸைத் தவிர்" என்று ஓடிபி அஞ்சலுக்கு ஃபில்டர் போட்டால், ஓடிபி வரும்போதே மறைந்துவிடும். பிறகு அதை எங்கே பார்த்து எதில் தட்டுவது? எனக்கு வேண்டியது, வந்து, பயன்பட்டு, இரண்டு நாள் கழித்துப் போவது. இத்தனை நாள் கழித்து என்ற நிபந்தனை ஃபில்டரில் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கூகுள் 2009-இல் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சில வரிகள் எழுதினால் ஜிமெயில், ஷீட்ஸ், காலண்டர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கலாம். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே எழுதி அங்கேயே சேமிக்கலாம். ஓடுவது கூகுளின் சர்வரில் என்பதால் நம் கணினி அணைந்திருந்தாலும், கரூரில் மின்தடை என்றாலும் அதன் வேலை நிற்காது. இடப்பக்கம் கடிகாரப் படம் போட்ட ட்ரிக்கர் (தானாக ஓட வேண்டிய நேரம்) பகுதியில் போய் தினமும் இரவு இரண்டிலிருந்து மூன்று மணிக்குள் என்று குறித்துவிட்டால் போதும். சரியாக இரண்டு மணிக்கு ஓடு என்று கட்டளையிட முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் அதற்குத் தோன்றும்போது ஓடும். ப்ராஜெக்ட் அமைப்பில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் ஸ்கிரிப்ட் செய்வது இவ்வளவுதான். இன்பாக்ஸில் இருந்து, குறிப்பிட்ட அனுப்புநரிடமிருந்து வந்து, இரண்டு நாளுக்கு மேல் பழையதாகி, நட்சத்திரம் இடப்படாமல் இருக்கும் அஞ்சல்களைத் தேடு. கிடைத்தவற்றின் மேல் 'இயந்திரம் எடுத்தது' என்று ஒரு லேபிள் ஒட்டு. பிறகு ஆர்க்கைவ் செய். கட்டளையின் பெயர் 'மூவ் த்ரெட்ஸ் டு ஆர்க்கைவ்' என்று நீட்டி முழக்குகிறது, செய்வதென்னவோ இ விசை செய்யும் அதே காரியம்தான். அந்த லேபிளைக் கட்டாயம் ஒட்டச் சொல்வேன். சனிக்கிழமை மதியம் என் உதவியாளர் அந்த லேபிளைத் திறந்து, அந்த வாரம் இயந்திரம் எதையெல்லாம் எடுத்தது என்று மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிடுவாள். நான் எடுத்ததும் அது எடுத்ததும் கலந்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியே இருக்காது.

அனுப்புநர் பட்டியலில்தான் எனக்கும் என் அண்ணன் மகனுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவன் எழுதிய முதல் வடிவம், 30 நாளுக்கு மேல் ஆன எல்லாவற்றையும் எடு, நோட்டீஸ் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விடு என்று இருந்தது. விட வேண்டிய சொற்களின் பட்டியலையும் கேட்டான்: ஏஎஸ்எம்டி, ஆர்எஃப்டி, டிஆர்சி, இப்படி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அரசுத் தளங்களின் 'பதில் எழுத வேண்டாம்' முகவரியிலிருந்து ஓடிபியும் வரும், நோட்டீஸ் போட்டிருக்கிறோம் என்ற தகவலும் வரும். எந்தச் சொற்களோடு நோட்டீஸ் வரும் என்பதை இன்று உட்கார்ந்து எழுதிவைக்க முடியாது. 2022-இல் யாராவது ஒரு முழுமையான பட்டியல் போட்டிருந்தால் அதில் டிஆர்சி-01பி, டிஆர்சி-01சி இரண்டும் இருந்திருக்காது. முதல் படிவத்துக்கு வழிசெய்த 88சி விதி அந்த டிசம்பரில்தான் வந்தது, இரண்டாவதுக்கு வழிசெய்த 88டி அதற்கும் பிறகு. 88சி விதியிலேயே, தளத்தில் போடும் தகவலின் நகல் மின்னஞ்சலுக்கும் அனுப்பப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். கெடு ஏழு நாள். நாளைக்கு இன்னொரு படிவம் வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

ஆகவே தலைகீழாக மாற்றினோம். விட வேண்டியவற்றின் பட்டியல் இல்லை, எடுக்க வேண்டியவற்றின் பட்டியல் மட்டும். அரசு முகவரியிலிருந்து வந்தால், தலைப்பில் ஓடிபி என்று இருந்தால் மட்டும் எடு. கூரியர், வெபினார், வங்கியின் பரிவர்த்தனை அறிவிப்பு இவற்றை அனுப்புநர் முகவரியை வைத்து எடு. வேறு எதையும் தொடாதே. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் போகாது. பட்டியலில் இல்லாத புதிய குப்பை சில நாள் இன்பாக்ஸில் கிடக்கும், இ விசையால் தள்ளிவிடலாம். குப்பை தங்குவதால் நஷ்டம் எதுவும் இல்லை, நோட்டீஸ் மறைந்தால் நஷ்டம் பல லட்சம். கணக்கு எழுதுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ப்ரோகிராம் எழுதுபவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

நிஜமாக ஓடவிடுவதற்கு முன், எடுக்காமல் பெயர்களை மட்டும் பதிவேட்டில் எழுதிக் காட்டச் சொன்னேன். அங்கேதான் இன்னொன்று தெரிந்தது. ஜிமெயிலின் தேடல் அஞ்சல் அஞ்சலாகப் பார்க்கிறது, ஆனால் பதிலாகக் கொடுப்பது முழு உரையாடல் சரத்தை. சரத்தில் ஒரே ஒரு பழைய அஞ்சல் நிபந்தனைக்குப் பொருந்தினாலும், நேற்று வந்த பதிலோடு சேர்த்து முழுச் சரமும் வலையில் சிக்கும். வங்கி அனுப்பிய அறிவிப்பை ஒரு வாடிக்கையாளர் எனக்கே திருப்பி அனுப்பி, அதே சரத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒன்று அந்தப் பட்டியலில் வந்து நின்றது. தீர்வு சுலபம்தான். ஒவ்வொரு சரத்தின் கடைசி அஞ்சல் எந்தத் தேதி என்று கேட்டு, அதுவும் இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் மட்டும் எடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் இணையத்தில் நகலெடுத்து ஒட்டுவதற்குக் கிடைக்கும் பல ஸ்கிரிப்டுகளில் இந்த வரி இருக்காது. அரை மதிப்பெண் இதற்குப் போயிற்று.

அடுத்த அரை மதிப்பெண் அனுமதிக்கு. ஸ்கிரிப்டை முதல்முறை ஓட்டும்போது, கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை என்று எச்சரிக்கை வரும். நாமே எழுதியதற்கு நமக்கே எச்சரிக்கை. மேம்பட்டது என்பதை அழுத்தி, பாதுகாப்பற்றது என்று எழுதியிருக்கும் இணைப்பைத் தொட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு அது கேட்கும் அனுமதி: உங்கள் எல்லா அஞ்சலையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க. ஒரு லேபிளைப் பிய்க்கும் வேலைக்கு வீட்டுச் சாவியோடு பத்திரத்தையும் கேட்பது அதிகம். இதற்கும் வழி இருக்கிறது. ஸ்கிரிப்டின் வழக்கமான சேவைக்குப் பதில், நிரல்கள் ஜிமெயிலோடு நேரடியாகப் பேசும் ஜிமெயில் ஏபிஐ வழியாக எழுதினால், நிரந்தர அழிப்பு இல்லாத அனுமதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அண்ணன் மகன் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தான். ப்ரோகிராம் தெரியாத ஒருவர் தானாக இதைக் கண்டுபிடித்துச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் யாரோ செய்துவைத்திருக்கும் இலவசச் சேவை ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது எனக்குச் சரிப்படாது. அன்ரோல்.மீ என்ற அஞ்சல் சுத்திகரிப்புச் சேவை பற்றி 2017-இல் செய்தி வந்தது. அதன் தாய் நிறுவனம் பயனாளர்களின் அஞ்சலில் இருந்த, லிஃப்ட் (Lyft) என்ற டாக்சி நிறுவனத்தின் ரசீது விவரங்களை, ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு, போட்டியாளரான ஊபருக்கு விற்றிருந்தது. என் பெட்டியில் இருப்பது டாக்சி ரசீது இல்லை. எந்த ஏற்றுமதியாளர் எந்த நாட்டுக்கு என்ன விலைக்குத் துண்டு அனுப்புகிறார் என்ற கணக்கு. கரூரில் அது பக்கத்துக் கம்பெனிக்காரர் காதில் விழுந்தால் என் கடைக்குப் பூட்டுத்தான். நாமே எழுதிய ஸ்கிரிப்டில் அஞ்சல் வெளியார் யாரிடமும் போவதில்லை, ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. மூன்றரை மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

அளவுக் கட்டுப்பாடுகள் சிறு அலுவலகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒருமுறை ஓடத் தொடங்கினால் ஆறு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள், ஒரு கட்டளைக்கு 100 சரங்கள்தான், சாதாரணக் கணக்குக்கு ட்ரிக்கர் ஓட்டம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 90 நிமிடம். தினமும் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பல ஆண்டு பாக்கியை முதல்முறை எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். நூறு நூறாக எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் தேடலை முதலிலிருந்தே தொடங்கச் சொல்ல வேண்டும். முதல் நூறு போனதும் அடுத்த நூறு அந்த இடத்துக்கு முன்னேறி வந்துவிடும். 101-இலிருந்து தொடங்கு என்று எழுதினால் ஒன்றுவிட்டு ஒன்று நூறு தப்பிவிடும். ஸ்கிரிப்ட் தடுக்கி விழுந்தால் அதற்கும் ஒரு அஞ்சல் வரும். அந்த அனுப்புநரை மட்டும் எடுக்கும் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

ஆர்க்கைவ் செய்தால் இடம் மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்குபவர்கள் ஏமாறுவார்கள். ஒரு கேபிகூடக் குறையாது. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி. ஸ்கேன் செய்த ஷிப்பிங் பில்லை 20 எம்பியில் அனுப்பும் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் இருந்தால் அது நிரம்ப அதிக காலம் ஆகாது. அதற்கான வேலை தனி. தேடல் பெட்டியில் 10 எம்பிக்கு மேல், இணைப்பு உள்ளது, இரண்டு ஆண்டுக்கு மேல் பழையது என்று கேட்டு, வந்தவற்றை வாடிக்கையாளர் வாரியாக இறக்கி, இரண்டு வன்தட்டுகளில் போட்டபிறகே அஞ்சலை அழிக்கிறோம். இதைக் கையால்தான் செய்கிறோம், ஸ்கிரிப்டிடம் கொடுக்கும் எண்ணமில்லை.

ஜிமெயில் இல்லாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் ஆங்கில ஏ (A) விசையைத் தட்டினால் ஆர்க்கைவ், அதுவும் ஆண்டுவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுக்கும். நிதியாண்டு பார்க்கும் எங்களுக்குக் காலண்டர் ஆண்டு ஃபோல்டர் பாதிப் பயன்தான். ஆனால் அதன் ஃபில்டரில் அஞ்சலின் வயதை நிபந்தனையாக வைக்க முடியும் என்பதால், ஸ்கிரிப்ட் எழுதாமலேயே பாதி வேலை முடிந்துவிடும். கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும் குறை. அவுட்லுக்கில் 'குயிக் ஸ்டெப்ஸ்' அமைத்து கண்ட்ரோல், ஷிஃப்ட் இவற்றோடு ஒரு எண்ணைச் சேர்த்துத் தட்டினால், படித்ததாகக் குறித்து, வகை ஒட்டி, வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவது வரை ஒரே மூச்சில் நடக்கும். அந்த ஒரு விஷயத்தில் அது ஜிமெயிலைவிட மேல். பழைய அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோ (அதற்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) எழுதிவைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் புதிய அவுட்லுக்குக்கு மாறுவதற்கு முன் யோசிக்கட்டும், அதில் விபிஏ கிடையாது.

கடைசி அரை மதிப்பெண் எங்கே போயிற்று என்று சொல்லவில்லை. ஒரு சாதாரண அலுவலகம், இரண்டு நாள் கழித்து ஓடிபி போய்விட வேண்டும் என்று கேட்பதற்கு, ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் தேவைப்படுகிறானே, அதற்குத்தான். ஃபில்டர் பக்கத்தில் 'இத்தனை நாள் கழித்து' என்று ஒரு கட்டத்தை வைத்துவிட்டால் இந்த ஸ்கிரிப்டை நானே அழித்துவிடுவேன். அதுவரை, கேட்டு வரும் சக ஆலோசகர்களுக்கு ஸ்கிரிப்டை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். அனுப்புநர் பட்டியலை மட்டும் காலியாக வைத்துத்தான் கொடுப்பது, ஒவ்வொருவருடைய குப்பையும் வேறு.